ஆளில்லா விமானத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்

நான் ஜெயித்துவிட்டேன் அக்கா. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தோற்றுப்போனவள் எவளோ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஊர் மேல்நாகரத்தில், பள்ளிக்கூட மைதானத்தில், போட்ட நாற்காலி போதாமல் ஜனம் டிராக்டர் மேலும் மதில் மேலும் ஏறி உட்கார்ந்து கேட்ட பட்டிமன்றத்தில், தீர்ப்பு என் பக்கம். சால்வை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். ஜெயித்தும் என்ன? அதோ பாருங்கள், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு, நீலச் சட்டை, காதில் ஒயர். அதுதான் என் தம்பி சஞ்சீவி. பட்டாளத்துக்குப் போகிறான். காட்பாடியில் ரயில் ஏறுகிறான். நான் ஜெயித்தால் அவன் போகக் கூடாது என்பதுதான் பந்தயமே. ஜெயித்தது நான், போவது அவன். இது எந்த ஊர் நியாயம்?

இல்லை, இப்போதே சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் முறை. இரண்டு பக்கத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். காட்பாடி வருவதற்குள் முடித்துவிடுவேன். நீங்கள் சித்தூர் வரைக்கும்தானே? அப்புறம் தாராளமாகத் தூங்கலாம்.

தம்பி பக்கத்தில் மீசையோடு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாரே, அது அப்பா. ஹவில்தார் ஏகாம்பரம், ஓய்வு. பட்டிமன்றத்தன்றிலிருந்து நானும் அவரும் பேசுவதில்லை. தோற்றவர்களுக்கு மனசு ஆறக் கொஞ்ச நாள் பிடிக்கும். நான் விட்டுவிட்டேன்.

என் பெயர் ஜான்சி. ராணி நினைவாக வைத்தது என்று ஸ்கூலில் எல்லா டீச்சரும் நினைத்தார்கள். அதெல்லாம் இல்லை, நான் பிறந்தபோது அப்பாவுக்கு ஜான்சியில் போஸ்டிங். தம்பி பிறந்தபோது பதான்கோட். அம்மா அடம்பிடித்துத் தாத்தா பெயரை வைத்ததால் பிழைத்தான். நான் சென்னையில் எம்.ஏ. போரியல் படிக்கிறேன். போரியல் என்றால் என்னவென்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் அத்தை, ‘வைக்கோல் போரா?’ என்றே கேட்டாள். இன்றைக்கு யுத்தம் எப்படி நடக்கிறது, எந்த ஆயுதம் எந்த ஆயுதத்தைத் தின்கிறது, யார் எவ்வளவு இழந்தார்கள், இழந்ததை எப்படி மறைக்கிறார்கள், அதுதான் படிப்பு. ஒரு நாடு எதிரி ஆயிரம் பேரை இழந்தான் என்று மார்தட்டும். உன் பக்கம் எத்தனை என்று கேட்டால், ‘சொற்பம்’ என்று சொல்லி வாயைத் துடைத்துக்கொள்ளும். எதிர்த்த நாடும் இதையேதான் சொல்லும். இரண்டு சொற்பத்தையும் தோண்டி எடுத்துச் சரிபார்ப்பதுதான் என் வேலை.

எங்கள் ஊர் பட்டாளத்து ஊர் அக்கா. வீட்டுக்கு ஒருவர் போயிருப்பார்கள். டீக்கடையில்கூட முதலில் ‘ஜெய்ஹிந்த்’, அப்புறம்தான் ‘சர்க்கரை கம்மி’. அப்பா தினமும் விடியலில் விசில் ஊதித்தான் சஞ்சீவியை எழுப்புவார். ஏரிக்கரை மேல் ஓடவிடுவார். அவனும் ஓடினான். ஓட்டத்தில் பாஸ், எழுத்தில் பாஸ், உடம்பு சோதனையில் பாஸ். ஆணையும் வந்துவிட்டது. போக இஷ்டமா என்று அவனை யாரும் கேட்கவில்லை. நானா? நானும்தான் கேட்கவில்லை. அவனுக்கு வாதம் வராது அக்கா. எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பான். அந்த ‘ம்’ எந்தப் பக்கம் விழும் என்று அவனுக்கே தெரியாது. அப்படிப்பட்டவனிடம் போய் என்ன விவாதிப்பது? விவாதிக்கத் தெரிந்தவர் வீட்டில் அப்பா ஒருவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ‘இவனும் போயிட்டா இந்தக் குழம்பை யாரு துன்றது’ என்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். “அப்பா, இன்னிக்கு யுத்தம் உங்க காலத்து யுத்தம் இல்ல. இப்ப மெஷினுக்கும் மெஷினுக்கும்தான் சண்டை. ஆளைக் கொண்டுபோய் நடுவுல நிறுத்துறது முட்டாள்தனம்” என்றேன்.

“மெஷினு மலையில ஏறி கொடி நடுமா?” என்றார் அப்பா.

“ஏறும். நடும். போட்டோவும் எடுக்கும்.”

“வீரம்னு ஒண்ணு கீது, தெரியுமா உனக்கு?”

“எந்தக் கம்பெனி தயாரிப்பு அது?”

அவ்வளவுதான். தட்டை நகர்த்திவிட்டார். “முன்னாள் படைவீரர் சங்க விழாவுல பட்டிமன்றம் வக்கிறோம். இதையே தலைப்பா வச்சிடறேன். வீரமா, விஞ்ஞானமா. சபை சொல்லட்டும். விஞ்ஞானம்னு சொன்னா இவன் போவ வேணாம், நான் அனுப்பல. வீரம்னு சொன்னா நீ அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது” என்றார்.

“சம்மதம்” என்றேன்.

சஞ்சீவி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

நடுவர் யார் என்று கேளுங்கள். ‘நகைச்சுவை நாயகம்’ புலவர் தணிகாசலம். ஆற்காட்டிலிருந்து கார் வைத்து அழைத்து வந்தார்கள். வந்ததும் வராததுமாக ஒரு விதி போட்டார்: மேடையில் தூய தமிழ்தான் பேச வேண்டும், ஆங்கிலச் சொல் வந்தால் மணி அடிப்பேன், மூன்று மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். போரியலில் தூய தமிழ்! நான் சும்மா விடுவேனா? “ஐயா, உங்கள் முன்னால் இருக்கிற மைக் தமிழா?” என்றேன். “அது ஒலிவாங்கி அம்மா” என்றார், கூட்டம் கைதட்டியது. சரி, ஒரு பாயிண்ட் அவருக்கு.

ஆனால் அந்த விதிதான் அக்கா எல்லாவற்றுக்கும் காரணம். என் பேச்சு முழுக்க டிரோன். டிரோன் என்றால் மணி. என்ன செய்வேன்? செய்தித்தாளில் எழுதுகிறார்களே, ‘ஆளில்லா விமானம்’ என்று, அதை எடுத்துக்கொண்டேன். மூச்சுக்கு மூச்சு அதைத்தான் சொன்னேன்.

முதலில் அப்பா பேசினார். அவர் பேச்சு எளிமையான பேச்சு. ஆதாரம் கிடையாது, மேற்கோள் கிடையாது. ஒரே ஒரு சம்பவம். மலை மேல் காவல் நிலையில் பையன்கள் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிறார்கள். கீழிருந்து சாப்பாடு கொண்டுபோக வேண்டும். எதிரி பீரங்கியால் அடித்துக்கொண்டே இருக்கிறான். அப்பா பருப்பு டின்னைக் கம்பளியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, சப்பாத்தி மூட்டையை மார்பில் கட்டிக்கொண்டு ஏறினாராம்.

“ஒரு குண்டு வுழும். அடுத்தது வுழறதுக்கு முன்னாடி ஒரு நடுவு இருக்கும். அந்த நடுவுல ஓடணும். மறுபடி வுழும், படுக்கணும். மறுபடி நடுவு, மறுபடி ஓட்டம். மேல போய்ச் சேர்ந்தப்ப சப்பாத்தி சூடா இருந்துச்சு. அந்தப் பசங்க துன்னாங்க பாருங்க… அதான் வீரம். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சங்கத்துக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள் கைதட்டாமல் இருப்பார்களா? அவர்கள் சங்கம்தானே.

அடுத்தது நான். முதல் வாக்கியத்திலேயே அடித்தேன். “நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் போர்முனைக்கு எடுத்துச் சென்றது துப்பாக்கியா? சப்பாத்தியா?”

மைதானம் அதிர்ந்தது அக்கா! மதில் மேல் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். நடுவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. அப்பா கடைக்குப் போனால், ‘துப்பாக்கியா சப்பாத்தியா?’ என்று கேட்கிறார்களாம். ‘சபையில பெத்த அப்பனை இப்படியாடி’ என்று அம்மா மாய்ந்துபோனாள். மேடையில் அப்பா மகள் உண்டா, நீங்களே சொல்லுங்கள். எதிரணித் தலைவர் என்றுதானே சொன்னேன்? மரியாதையாகத்தானே சொன்னேன்?

ஜன்னலை மூட வேண்டுமா? மூடுங்கள், மூடுங்கள். என் குரல் உங்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

பிறகு விஷயத்துக்கு வந்தேன். ஐரோப்பாவில் நடக்கிற சண்டையை எடுத்துக்கொண்டேன். “கோடி கோடியாய்க் கொட்டிச் செய்த பீரங்கி வண்டி. அதன் தலை மேல் இன்றைக்குக் கோழிக்கூண்டு மாதிரி இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள். எதற்கு? நம் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தின் மேல் பறந்து படம் பிடிக்கிறதே, அந்தச் சாமானின் அடியில் ஒரு குண்டைக் கட்டி எதிரி அனுப்பிவிடுகிறான். யானை காதில் எறும்பு!” என்றேன்.

முன்வரிசையில் ஒரு பெரியவர், “பீரங்கி வண்டின்னா இன்னாம்மா, டேங்க்கா?” என்றார். நடுவர் அவருக்கு மணி அடித்தார்.

“அந்த ஆளில்லா விமானத்தை அலைவரிசையில்தான் ஓட்ட முடியும். சரி, அலையைக் குழப்புகிற கருவியை வைத்தார்கள், கல்யாண மண்டபத்தில் திடீரென்று கைப்பேசி எடுக்காமல் போகுமே, அந்த மாதிரி. எதிரி சும்மா இருந்தானா? பட்டத்துக்கு நூல் விடுவதுபோல் விமானத்துக்குப் பின்னால் தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை விட்டான். அலையே வேண்டாம், நூலிலேயே ஓட்டுகிறான். இன்றைக்கு அங்கே வயல்வெளியெல்லாம் அந்த இழைதான், சிலந்தி கட்டின மாதிரி கிடக்கிறது. இவர்கள் என்ன செய்தார்கள்? சாலை நெடுகப் பந்தல் போட்டு மீன்வலை கட்டினார்கள். வண்டியெல்லாம் வலைக்குள் போகிறது. பலகையில் பொய்ப் பீரங்கி செய்து வயலில் நிறுத்தினார்கள், சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி. எதிரி ஏமாந்து அதன் மேல் குண்டை வீணடிப்பான். இத்தனையும் எத்தனை நாளில்? இவன் ஒன்று கண்டுபிடித்த மாதமே அவன் அதற்கு மாற்றுக் கண்டுபிடிக்கிறான். இதில் எங்கே ஐயா வீரம்? யார் முதலில் யோசிக்கிறானோ அவன் ஜெயிக்கிறான்!”

கைதட்டல். நான் நிறுத்தவில்லை. அப்பா பக்கம் திரும்பினேன். “எதிரணித் தலைவர் ஒரு நடுவு சொன்னார். இரண்டு குண்டுக்கு இடையில் ஓடினேன் என்றார். இன்றைக்கு ஓட முடியாது ஐயா. ஆளில்லா விமானம் தலைக்கு மேலேயே நின்று பார்க்கும். முதுகில் மூட்டை தெரிந்தால் முதலில் அந்த ஆளைத்தான் அடிக்கும். பாறைக்குப் பின்னால் ஒளிந்தால் பாறையைச் சுற்றி வரும். ஒரே ஒரு ஆளுக்காக ஒரு குண்டு காத்திருக்கும். ஆகவேதான் இன்று சோற்று மூட்டையையும் ஆளில்லா வண்டியில் அனுப்புகிறார்கள். வருங்காலப் போர்க்களத்தில் ஆளே இருக்க மாட்டான்!”

உட்கார்ந்தேன். அப்பாவைப் பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பைப் பற்றி ஊரில் ஒரு வதந்தி உலவுகிறது. நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுவிடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எந்தப் பட்டிமன்றத்திலும் நடுவர்கள் கடைசியில் இரண்டு பக்கத்தையும் தடவிக்கொடுத்து, ‘இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்’ என்று முடித்துக் காரில் ஏறிவிடுவார்கள். இவரும் எழுந்து அரைமணி பேசிவிட்டு, “ஆகவே வீரத்தோடு கூடிய…” என்று ஆரம்பித்தார். தம்பி தலையெழுத்து தொங்குகிறது, இவர் ‘கூடிய’ என்கிறார்! அந்த நேரம் பார்த்து மைக் செத்துவிட்டது. அவர் வாய் மட்டும் அசைகிறது. கையை ஆட்டுகிறார், கண்ணை உருட்டுகிறார், ஒருவருக்கும் கேட்கவில்லை. மதில் மேலிருந்து ‘கேக்கல, கேக்கல’ என்று ஒரே கூச்சல். மைக்செட்காரர் ஓடி வந்து ஒயரைத் தட்டினார், ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம், மைக்குக்கு உயிர் வந்துவிட்டது. நடுவர் கடுப்பின் உச்சத்தில், “இந்தச் சனியன் பிடித்த விஞ்ஞானம் இல்லாவிட்டால் என் தீர்ப்பே உங்கள் காதில் விழாது! ஆகவே விஞ்ஞானமே!” என்று மேசையில் குத்திவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

மைக்கால்தான் ஜெயித்தேன் என்கிறார்கள். பொறாமை. என் வாதத்தில் சரக்கு இல்லாமலா அவர் வாயில் அந்தச் சொல் வந்தது?

சரி, ஜெயித்தேன். சால்வையோடு வீட்டுக்கு வந்தேன். பந்தயப்படி முடிந்தது கதை என்று நினைத்தேன். அங்கேதான் அக்கா என் தலையில் கல்லைப் போட்டார்கள்.

முதலில் அம்மா. அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா, சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறாள். “பட்டாளத்துல இப்ப விமானத்துலகூட ஆளு இல்லியாமே. நீதான்டி அத்தினி வாட்டி சொன்ன. ஆளே இல்லன்னா எம்புள்ளைக்கு இன்னா ஆவப்போவுது? பாவி, இத மொதல்லியே சொல்லக் கூடாதா? ரெண்டு மாசமா சோறு எறங்கல எனக்கு” என்றாள்.

“அம்மா, விமானத்துக்குள்ளதான் ஆள் இல்ல. அதை ஓட்டுற ஆள் கீழ இருப்பான்” என்றேன்.

“கீழதானே? கீழ இருந்தா வுழ மாட்டான்ல!”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எம்.ஏ. பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. மறுநாளே முறுக்கு சுட உட்கார்ந்துவிட்டாள். தெருவெல்லாம் போய், ‘ஆளில்லாத விமானத்துக்குத்தான் எடுத்திருக்காங்க’ என்று சொல்லிவிட்டு வந்தாள். டீக்கடையில் அது இன்னும் முற்றி, ‘ஆளில்லா விமானத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம்’ என்று ஆகிவிட்டது. பக்கத்துத் தெருப் பையன்கள் என்னைத் தேடி வந்து, ‘அக்கா, அதுக்கு எங்க அப்ளை பண்ணணும்?’ என்றார்கள்.

அடுத்தது இவன். வாயே திறக்காதவன், அன்றைக்கு என் முன்னால் வந்து நிற்கிறான். கண்ணெல்லாம் பளபளவென்று. “அக்கா, அந்த விமானத்தை ஓட்டுறவன் கண்ணுல ஒரு கண்ணாடி மாட்டிக்குவானா? கையில ரிமோட் மாதிரி இருக்குமா?” என்றான்.

“ஆமா.”

“எனக்கு அது வரும்க்கா. செல்லுல கேம் ஆடறப்ப என்னை நம்ம ஊர்ல எவனாலயும் அடிக்க முடியாது. இவ்வளவு நாளா அப்பா வெறும் ஓடுற கதையே சொல்லினு இருந்தாரு. எனக்குப் போவவே பிடிக்கல. இப்பத்தான் புரியுது. நான் போறேன்க்கா.”

போகவே பிடிக்கவில்லையாம் அக்கா! அதுவரைக்கும்! நான் பேசாமல் இருந்திருந்தால்… இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. அவன் அதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். தகவலை மறைத்தது அவன். தகவல் இல்லாமல் நான் எப்படி வியூகம் வகுப்பது?

மூன்றாவது அப்பா. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார். “அந்த நடுவு… ரெண்டு குண்டுக்கு ஊடால இருக்குமே. அதுகூட இப்ப கிடையாதா?”

வாதத்தில் ஓட்டை தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? விடவில்லை. “கிடையாதுப்பா. அது சுத்திக்கிட்டே இருக்கும். ராத்திரியில உடம்புச் சூட்டை வச்சுக் கண்டுபிடிக்கும். ஓடினா களைக்கிற வரைக்கும் துரத்தும்” என்றேன். வீடியோவே இருக்கிறது, காட்டட்டுமா என்று போனையும் எடுத்தேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். தோல்வியை ஏற்கத் தெரியாதவர். அதோடு பேச்சு நின்றது.

ஆனால் கேளுங்கள், மறுநாள் காலை விசில் ஊதவில்லை. சஞ்சீவியைக் கூப்பிட்டார். “பந்தயத்துல நான் தோத்துட்டேன்டா. சொன்ன சொல்லு சொல்லுதான். நீ போவ வேணாம்” என்றார்.

“தோத்தது நீங்க. ஜெயிச்சது அக்கா. நான் இன்னா பண்ணேன்? என்னைக் கேட்டா பந்தயம் வச்சீங்க?” என்றான் இவன். எவ்வளவு நன்றாகப் பேசுகிறான் பார்த்தீர்களா? இத்தனை நாள் எங்கே வைத்திருந்தான் இதையெல்லாம்?

“நீ கேக்கறதத் தர மாட்டாங்கடா அங்க. நான் டிரைவர் வேலை கேட்டேன். கரண்டியைக் குடுத்தாங்க” என்றார் அப்பா. பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர், அவராகவே ‘கரண்டி’ என்கிறார்.

“எதைக் குடுத்தாலும் செய்யறேன்பா. நீங்க செய்யலியா?”

இப்போது பாருங்கள், அவன் போகக் கூடாது என்பதில் அப்பாவும் நானும் ஒரே கட்சி. ஆனால் பேசிக்கொள்வதில்லை. கூட்டணிப் பேச்சுவார்த்தையை அவர்தானே தொடங்க வேண்டும்? தோற்ற கட்சி அவர்.

பாலாற்றுப் பாலம் வந்துவிட்டதா? அப்படியென்றால் சுருக்கிச் சொல்கிறேன்.

மேடையில் நான் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை அக்கா. அந்த ஆளில்லா விமானத்தை ஓட்டுகிறவன் எங்கோ ஒரு நிலவறையில், இடிந்த வீட்டில் பதுங்கியிருப்பான். அவன் அலை எங்கிருந்து கிளம்புகிறது என்று எதிரி மோப்பம் பிடித்துக்கொண்டே இருப்பான். டேங்கை விட, பீரங்கியை விட, எதிரிக்கு முதலில் வேண்டியது அவன் தலைதான். கண்ணாடியைக் கழற்றுவதற்குள் கூரை மேல் குண்டு வந்துவிடும். இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சொல்லாத இழப்பு அது. சொற்பம் என்பார்களே, அதில் இவர்களும் அடக்கம். ஆய்வுக் கட்டுரைக்கு நான் எடுத்து வைத்திருக்கிற தலைப்பே அதுதான்.

ஏன் சொல்லவில்லையா? என்ன கேள்வி இது? அது வீரம் அணிக்குப் போகிற பாயிண்ட். ‘பார்த்தீர்களா, அங்கேயும் ஒரு ஆள் உயிரைக் கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறான்’ என்று அப்பா பிடித்துக்கொள்வார். எதிரணிக்கு நானே எடுத்துக்கொடுப்பேனா? பட்டிமன்றம் என்றால் தன் பக்கம் மட்டும்தான் பேச வேண்டும். அது விதி. நான் போட்ட விதி இல்லை.

ஆனால் தம்பியிடம் சொன்னேன். மாடியில் துணி காயப்போடும்போது ஆதாரத்தோடு, ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு இவன் என்ன சொன்னான் தெரியுமா?

“இத ஏன்க்கா மேடையில சொல்லல?”

“அது எதிரணி பாயிண்ட்டுடா.”

“அப்ப இப்ப நீ எதிரணியா?”

“டேய், அணியெல்லாம் இல்லடா. இது உண்மை.”

“அன்னிக்குச் சொன்னது?”

“அதுவும் உண்மைதான்.”

சிரித்தான் அக்கா. கோபமாகக்கூட இல்லை, ஆசையாகத்தான் சிரித்தான். “உனக்கு எந்தப் பக்கம் குடுத்தாலும் பேசுவக்கா. காலேஜ்ல எத்தினி கப் வாங்கியிருக்க! நீ ‘திங்கள்தான் ஞாயிறு’னு நிரூபிச்சா நான் திங்கக்கெழமை லீவு போட முடியுமா?” என்று சொல்லி, என் சுடிதாரைக் கிளிப் போட்டு மாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

ஒருத்தி உண்மையைச் சொல்கிறாள். அவள் நன்றாகப் பேசுகிறாள் என்கிற ஒரே காரணத்துக்காக நம்ப மாட்டேன் என்பது என்ன தர்க்கம்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் போவதுகூட… சரி, அதுவும்தான்.

என்ன? ‘போகாதேடான்னு சொல்லு’ என்கிறீர்களா? வெறுமனே? ஐயோ அக்கா, அது வாதமே இல்லையே. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பயமா இருக்கு என்றா? பயம் ஒரு ஆதாரமா? எந்தச் சபையில் அதை ஏற்பார்கள்? நீங்கள் சொல்வது வீட்டுப் பேச்சு. எனக்கு அதில் பழக்கம் இல்லை. அவனிடம் ‘தண்ணி எடுத்துக்கிட்டியா’ என்று கேட்பதற்கே எனக்கு இரண்டு உட்பிரிவு வேண்டும்.

காட்பாடி வந்துவிட்டது. கண்டக்டர் கத்துகிறார். இறங்கிவிட்டான் பாருங்கள், பஸ் நிற்பதற்குள். கீழே நின்று கையை நீட்டுகிறான். அப்பா ஏன் எழுந்திருக்கவில்லை? அவன் டிரங்குப் பெட்டி அவர் மடியில்தான் இருக்கிறது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“அப்பா, பெட்டியக் குடுங்க. டிரெயின் வந்துரும்.”

கேட்கிறதா உங்களுக்கு? அவன் ஜன்னல் வழியாகக் கூப்பிடுகிறான். இவர் அசையவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு காரணம் சொல்லவில்லை.

“பெரியவரே, எறங்குறியா, இல்ல சித்தூருக்கு டிக்கெட் போடட்டுமா?” என்கிறார் கண்டக்டர். விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“போடு” என்கிறார் அப்பா.

தம்பி மறுபடி ஏறி வருகிறான். பெட்டியின் ஒரு பிடியைப் பிடித்து இழுக்கிறான். அவனுக்கு இளவயசு, பலம். அப்பாவால் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? ஒரே ஆளாக… அக்கா, கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள். என் பை இங்கேயே இருக்கட்டும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் இன்னொரு பிடி இருக்கிறது.